ஹல்லா மலைக்கு ஈஜோக்கிலிருந்து பால்குடம்

ஈஜோக், கோலசிலாங்கூர்,
பொங்கல் கழிந்த ஞாயிறு.

அன்பு மகள் நித்தியாவுக்கு, உன் சித்தப்பாவும், ஈஜோக் வட்டாரத்தின் ஒரே மலையேற்ற நிபுணரும், கோயில் கமிட்டியின் பனித்துறை ஆலோசகருமாகிய சேது எழுதுவது. இங்கே நாங்கள் எல்லாரும் வேர்த்து ஒழுகிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், அங்கே கொரியாவில் நீ விறைத்துக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். உன் அப்பாவின் பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது, உன் அம்மாவை யாராலும் கட்டுக்குள் வைக்க முடியவில்லை. உன் சித்தி மோகனா கொரியா நாடகம் பார்த்துப் பார்த்து இப்போது என்னைத் திட்டுவதைக்கூட கொரியா பாஷையில்தான் திட்டுகிறாள், அதனால் பாதித் திட்டு எனக்கு மிச்சம். போன வாரம் அடித்த மழையில் தாமான் குடியிருப்புக் கால்வாயிலிருந்து முதலை அளவுக்கு ஓர் உடும்பு ஏறி வந்து நம் தபால் பெட்டிக்குக் கீழே குடித்தனம் ஆரம்பித்திருக்கிறது, போஸ்ட்மேன் தெருமுனையில் நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார். வாட்சாப்பில் எழுதலாம் என்றால் குடும்பக் குரூப்பில் இருக்கிற அத்தனை பேரும் ஆளுக்கொரு ரோஜாப்பூ அனுப்புவார்கள், விஷயம் பூவுக்கு அடியில் புதைந்து போகும். அதனால்தான் கூரியரில் போகிற முறுக்கு டின்னுக்குள் இந்தக் கடிதத்தை மடித்து வைக்கிறேன். எண்ணெய் பட்டிருந்தால் அந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படி.

நீ எனக்கு மட்டும் தனியாகப் போன் செய்து அழுதாயே, அதற்குப் பதில்தான் இது. கம்பெனிக் குழுவோடு அந்த ஹல்லா பனிமலை ஏறப் பெயர் கொடுத்துவிட்டாய், பயிற்சிக்கு ஏறின குட்டிக் குன்றிலேயே முட்டி பிடித்துக்கொண்டது, குழுத்தலைவர் மரியாதையான மனுஷன், முடியாவிட்டால் பாதி வழிக் கொட்டகையில் உட்கார்ந்து சூப் குடி, நாங்கள் ஏறிவிட்டு வந்து கூட்டிப் போகிறோம் என்கிறார், உனக்கும் சூப்புதான் பிடித்திருக்கிறது. ஆனால் இங்கே ஒரு தாமானே உன் பெயரில் விரதம் இருக்கும்போது பாதியில் எப்படி உட்காருவது, உட்கார்ந்தால் அம்மா என்ன ஆவாங்க சித்தப்பா என்று கேட்டாய். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, தெரிந்த மாதிரி இருமினேன். இப்போது பதில் கிடைத்துவிட்டது. ஆனால் நான் பதிலை முதலிலேயே சொல்கிற ரகமில்லை என்பது உனக்குத் தெரியும், கையில் ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு பொறுமையாகப் படி.

இந்தக் குழப்பத்தில் உன் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். மலையேறும் குழு என்று ஒரு படம் அனுப்பினாய். அதில் எல்லாருக்கும் மஞ்சள் சட்டை, எல்லார் கையிலும் வேல் மாதிரிக் கோல், வரிசை பிசகாமல் நிற்கிறீர்கள். மஞ்சள் உடுத்தி, கோல் பிடித்து, வரிசையில் நிற்கிற கூட்டத்தை நம் ஆட்கள் வேறு என்னவென்று நினைப்பார்கள்? உன் அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, என்னைக்கு ஏறுறாங்களாம் என்றார்கள். தைப்பூசத்தன்றைக்கு. விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டுமாம். அதுவரைக்கும் தண்ணி கூடாது, கறி குறைக்க வேண்டும், எண்ணெய்ப் பலகாரம் தொடக்கூடாது என்று குழுத்தலைவர் உத்தரவாம். சப்பாத்துக்கு அடியில் இரும்புப் பல் மாட்டிக்கொண்டு ஏற வேண்டுமாம். ஆணிச் செருப்பா என்று உன் அப்பா வாயைத் திறந்தபோதே காரியம் கைமீறிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் அவர் வாயைத் திறப்பது தேர்தல் மாதிரி, எப்போதோ ஒரு தடவை. போதாததற்கு மோகனா தன் நாடக அறிவு முழுவதையும் திரட்டி, அந்த மலை உச்சியில ஒரு குளம் இருக்குக்கா, அதுக்கு வெள்ளை மான் குளம்னு பேரு என்று எடுத்துக் கொடுத்தாள். உச்சியில் குளம், குளத்துக்குப் பெயர் மான். வள்ளியம்மையே மானுக்குப் பிறந்தவள்தானே என்று, தன் பெயரிலேயே வள்ளியை வைத்துக்கொண்டிருக்கும் உன் அம்மா அம்சவள்ளி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே கோயிலில் சொல்லியாகிவிட்டது, மகள் கொரியாவில் பால்குடம் எடுக்கிறாள் என்று. கம்பெனிக் குழு, கம்பெனிக் குழு என்று நான் கத்திப் பார்த்தேன். அப்படியா, கம்பெனியே நேர்ந்துக்கிச்சா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அப்புறம் விஷயம் கமிட்டித் தலைவர் தனபாலன் கைக்குப் போனது. மற்ற நேரத்தில் தங்கமான மனுஷன், மைக்கைப் பிடித்தால் மட்டும் பக்கத்து ஜில்லாவுக்கும் சேர்த்துப் பேசுவார். ஈஜோக் மண்ணின் மகள் இமயத்தை வென்று வருகிறாள் என்று அறிவித்தார். இமயம் இல்லை, ஹல்லா என்றேன். பனி இருக்குல்ல, அப்புறம் என்ன என்றார். மறுநாள் கோயில் வாசலில் ஒரு பேனர் ஏறியது. அதில் உன் முகம், வேறு யாருடைய உடம்போ, மஞ்சள் சேலை, தலையில் குடம், பின்னால் பனிமலை. எங்கிருந்தோ தேடி எடுத்த மலையில் ஒரு பெங்குவினும் சேர்ந்து வந்துவிட்டது, அதை வெட்ட நேரமில்லையாம். இப்போது சின்னப் பிள்ளைகள் எல்லாம் மயிலுக்குப் பதில் இதுதான் வாகனமா என்று கேட்கிறார்கள். பெங்குவின் தென்துருவத்துப் பறவையாச்சே, கொரியா வடக்கே அல்லவா இருக்கிறது என்று நான் தனபாலனிடம் மெல்ல எடுத்துச் சொன்னேன். தெற்கா இருந்தா என்ன, முருகனும் தெக்கத்தி சாமிதானே லா என்று முடித்துவிட்டார். உன் அம்மா கயிறு கட்டி உனக்காக விரதம் பிடிக்க வைத்தவர்கள் தொகை நாளுக்கு நாள் ஏறி, கோழிக்கடை ஐயாவு ஒருநாள் மோட்டாரை நம் வாசலில் நிறுத்தி, உங்க வீட்டுப் புள்ள மலை ஏறுனா என் கோழிக்கு எதுக்குய்யா ஆயுசு கெட்டியாவுது என்று சண்டைக்கு வந்தார். உன் அம்மா அவரை உட்காரவைத்து, மோர் கொடுத்து, பேச்சோடு பேச்சாக அவர் கையிலும் மஞ்சள் கயிற்றைக் கட்டி அனுப்பிவிட்டார்கள். இப்போது அவரும் விரதம். கோழிகள் அவரைப் பார்த்தால் ஓடுவதில்லை, குடும்பக் கஷ்டமெல்லாம் சொல்கின்றன என்று கேள்வி. உச்சியில் நீ சொல்ல வேண்டிய வேண்டுதல்களும் வந்து குவிந்தன. லீலாவதி அக்கா மகனுக்கு லோரி லைசன்ஸ் கிடைக்க வேண்டும், மூன்றாம் லோரோங் தெருவில் மாமியார் ஒருத்தி மருமகளுக்கு நல்ல புத்தி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போக, அந்த மருமகளே பின்வாசல் வழியாக வந்து மாமியாருக்கும் அதையே கேட்டாள். ஒரே மலை, ஒரே சாமி, இதில் யார் பக்கம் தீர்ப்பு ஆகுமோ எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

இந்த நிலையில்தான் கமிட்டிக் கூட்டத்தில் யாரோ கேட்டார்கள், அவ்வளவு குளிரில் பால் உறைந்து போகாதா, உறைந்த பால் பால்குடத்தில் சேருமா என்று. சோதனை செய்து அறிக்கை தரும்படி என்னைப் பனித்துறை ஆலோசகராக நியமித்தார்கள், மலையேற்றத்தில் எனக்குள்ள அனுபவத்தை ஊர் அறியும் என்பதால். கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவத்திக் குன்றை நான் டிராம் வண்டியில் ஏறாமல் காலால் ஏறி, உச்சியில் ஒரு படைக் குரங்குகளோடு போரிட்டு, என் கண்ணாடியையும் பாதி நாசி லெமாக் சோற்றையும் மட்டும் இழந்து உயிரோடு இறங்கி வந்த கதை உனக்குத் தெரியாததல்ல. அப்போது ஒரு குரங்கு என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்தது, இந்தோனேசியா வரைக்கும் தெரிந்திருக்கும், அத்தனை பவர். சரி, பனிக்கு எங்கே போவது? ஜெராமில் மீன் தவுக்கே முதலாளியிடம் வேலை செய்கிற என் கூட்டாளி மத்தியாஸைப் பிடித்தேன். அவன் வேதக்காரன் என்றாலும் விஷயம் கேட்டதும் ரொம்ப பயபக்தியோடு ஐஸ் ரூமைத் திறந்துவிட்டான். உன் அப்பாவையும் கூட்டிப் போயிருந்தேன், குடத்தைத் தலையில் வைத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே. வேட்டி, அதற்கு மேல் மத்தியாஸ் பெண்சாதி ஃப்ளோரா கேமரன் மலைக்குப் போட்டுப் போகிற ரோஜாக் கலர் ஸ்வெட்டர், தலையில் பித்தளைக் குடம், இந்தக் கோலத்தில் உன் அப்பா மகேந்திரன் மூட்டை மூட்டையாக விறைத்துக் கிடந்த திருக்கை மீன்களுக்கு நடுவில் நின்ற காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன், திருக்கைகளும் மறக்காது. நான் வேல் வேல் என்றேன், மத்தியாஸ் என்ன செய்வதென்று தெரியாமல் சிலுவை போட்டுக்கொண்டான். பால் உறைந்தது. குடத்தைக் கவிழ்த்தால் விழவில்லை, தட்டினால் விழவில்லை, உள்ளே கோயில் மணி மாதிரி கெட்டியாக உட்கார்ந்துகொண்டது.

அங்கே வைத்துத்தான் உன் அப்பாவிடம் சொன்னேன், உன் முட்டி விஷயத்தை, நீ அழுததை. குளிரில் உண்மையைச் சொன்னால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. உன் அப்பா குடத்தை இறக்கி ஒரு மீன் பெட்டி மேல் வைத்தார். பல் தந்தியடித்ததால் ஒரு வாக்கியம் முடிய ஒரு யுகம் ஆனது, ஆனாலும் முழுசாகப் பேசினார். டேய் சேது, புள்ள பாதியில உக்காந்தா எனக்கு சந்தோசம்டா, கால உடைச்சிக்கிட்டு அவ உச்சியில நிக்கிறதுல எனக்கு என்னடா ஆகப்போவுது, ஆனா அம்சாகிட்ட இத யாருடா சொல்றது என்றார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார், இரண்டு பேரும் மத்தியாஸைப் பார்த்தோம். நான் கல்யாணம் ஆன ஆளுடா என்று மத்தியாஸ் வெளியே போய்விட்டான். அந்த ஐஸ் ரூமிலேயே மீதி வாழ்க்கையைக் கழித்துவிடலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது, சொல்ல வேண்டாம், தைப்பூசம் முடிகிறவரை வாயைத் திறக்க வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டு காடியில் ஏறி வீட்டுக்கு ஓட்டினோம்.

முடிவு வீட்டு வாசல்வரைதான் தாங்கியது. இரண்டு பேர் மேலும் மீன் வாசம் ஆளைத் தூக்குகிறது. உள்ளே காலை வைக்கவில்லை, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த உன் அம்மா கத்தியோடு எழுந்து வந்துவிட்டார்கள். புள்ள அங்க வாயக் கட்டி வயித்தக் கட்டிக் கிடக்குறா, அண்ணனும் தம்பியும் ஜெராம்ல போயி மீனா திங்கிறீங்க, வெட்கமா இல்ல என்றார்கள். இல்லை அண்ணி, தின்னலை அண்ணி என்றால், தின்னாம இவருக்கு எதுக்கு பொம்பளை ஸ்வெட்டரு என்றார்கள். கவனி, உன் அப்பா அவசரத்தில் அதைக் கழற்றவே இல்லை. மீன் தின்ற பழி ஒருபக்கம், ஃப்ளோராவின் ஸ்வெட்டர் ஒருபக்கம், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் ஐஸ் ரூமைச் சொல்ல வேண்டியதாயிற்று, ஐஸ் ரூமைச் சொன்னதும் நீ போன் செய்து அழுத கதையும் தானாக வந்து விழுந்துவிட்டது. மோகனா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டாள், அப்படி என்றால் நிலைமையைப் புரிந்துகொள். உன் அம்மா கத்தியைக் கீழே வைத்தார்கள். கேட்டது ஒன்றே ஒன்று, எந்த முட்டி, வலதா இடதா? இடது என்றேன். முடியலன்னா உக்காரட்டும், அவ என்னாத்துக்கு அழுவுறா, நான் என்ன அவளைக் கடிச்சா தின்னப்போறேன் என்றார்கள்.

அப்ப பால்குடம் என்னக்கா ஆவுறது என்று மோகனா கேட்டாள். அதற்கு உன் அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டிக் குறைக்காமல், என் வாழ்நாளில் முதல் தடவையாக. எந்தப் பால்குடம்டி, அது கம்பெனிச் சட்டைன்னு எனக்குத் தெரியாதா, ராவாங்ல இத்தன வருசம் ஃபேக்டரிக்குப் போனவ நான், சட்டையப் பாத்தா சாமி சட்டையா சம்பளச் சட்டையான்னு தெரியாதா என்றார்கள். நாங்கள் மூன்று பேரும் பெங்குவின் மாதிரி நின்றோம். அப்புறம் எதுக்கு அண்ணி ஊரையே பட்டினி போட்டீங்க என்றேன். புள்ள ஆள் தெரியாத ஊர்ல பனியில நடக்கப்போறா, கூட நடக்க எனக்குத் தெம்பு இல்ல, கம்பளி பின்ன எனக்குத் தெரியாது, போகாதன்னா சொன்ன பேச்சு கேட்கிற வயசா அவளுக்கு? எனக்கு ராத்திரி பகல் சோறு எறங்கல. நான் ஒருத்தி சாப்பிடாம கெடந்தா பயந்தாங்கொள்ளிம்பீங்க, டாக்டர்கிட்ட கூட்டிப் போவீங்க, ஊரே சாப்பிடாம கெடந்தா அதுக்குப் பேரு விரதம் என்றார்கள். சொல்லிவிட்டு வெண்டைக்காயை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள். உன் அப்பா ஸ்வெட்டரோடு பின்னாலேயே போனார். அதற்கப்புறம் அடுப்படியில் வெண்டைக்காய் மட்டும் கருகியது, அதையேதான் எல்லாரும் சாப்பிட்டோம், ஒருவரும் குறை சொல்லவில்லை.

இனி கமிட்டி. ஊர் பூராவும் கயிறு கட்டியிருக்கிறது, பேனர் பறக்கிறது, திடீரென்று இல்லை என்று சொன்னால் தனபாலன் மைக்கைக் கடித்துவிடுவார். மறுநாள் கூட்டத்துக்கு உன் அம்மாவே நேரில் போய் எழுந்து நின்றார்கள். பால் அங்கே உறைந்துவிடும் என்று என் அறிக்கை சொல்கிறது, ஆகவே பாலை இங்கேயே எடுப்போம், தைப்பூசத்தன்று நம் கோயிலில் குடத்தோடு நிற்போம், நித்தியா மலையில் உட்கார்ந்ததும் போன் செய்வாள், அந்த நிமிஷம் இங்கே ஊற்றுவோம் என்றார்கள். உச்சிக்குப் போய்த்தானே உட்கார வேண்டும், பாதியில் உட்கார்ந்தால் நேர்த்திக்கடன் பாதிதானே என்று தனபாலன் இழுத்தார். எம் மக எங்க உக்கார்றாளோ அதான் உச்சி, அப்படியே தீர்மானம் போடுங்க என்றார்கள். கொரியாக்காரன் ஒத்துக்குவானாம்மா என்றார் தனபாலன், நிஜமாகவே கவலையாக. அவன் மலைய நான் தூக்கிக்கிட்டா வரப்போறேன், உச்சிய மட்டும் கொஞ்சம் எறக்கி வைக்கிறேன் என்றார்கள். கோழிக்கடை ஐயாவு துள்ளி எழுந்து வழிமொழிந்தார், சீக்கிரம் உட்கார்ந்தால் சீக்கிரம் கடை திறக்கலாம் அல்லவா. ஒருமனதாக நிறைவேறியது. ஆகவே மகளே, கொரியா நாட்டின் மிக உயர்ந்த இடம் எது என்பதை ஈஜோக் தாமானின் கோயில் கமிட்டி சட்டப்படி மாற்றி அமைத்துவிட்டது. வரைபடம் போடுகிறவர்களுக்கு எழுதிப்போடச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறார்கள். பாதி வழிக் கொட்டகையில் உட்கார்ந்து நீ சூப் குடித்தால், உச்சியில் உட்கார்ந்து சூப் குடித்த முதல் தமிழச்சி நீதான், மஞ்சள் சட்டைக்காரர்கள் எல்லாம் உச்சியைத் தாண்டி எங்கேயோ தெரியாத்தனமாகப் போய்க்கொண்டிருப்பார்கள், பாவம்.

முட்டி நன்றாக இருந்து, உனக்கே ஆசை வந்து, மேலேயே போகிறாய் என்றால் போ, போகாதே என்று யாரும் சொல்லவில்லை, அதையும் எழுதச் சொல்லி உன் அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிற இந்த இடைவெளியில் உன் காலைப் பிடித்து ஒன்று கேட்கிறேன். போன் வருகிறவரை குடத்தை இறக்கக் கூடாதாம். உன் அப்பா, நான், மோகனா, தனபாலன், ஐயாவு, தாமான் முழுக்க, தலையில் குடத்தோடு ஈஜோக் வெயிலில் நிற்கப்போகிறோம். நீ அங்கே வீம்புக்கு ஒவ்வோர் அடி ஏற ஏற, இங்கே என் கழுத்து ஒவ்வோர் அங்குலம் உள்ளே இறங்கும், நீ அந்த மான் குளத்தை எட்டிப் பார்க்கிற நேரம் எனக்குக் கழுத்தே இருக்காது, சட்டைக் காலரில் இருந்து நேராக மீசை ஆரம்பிக்கும். ஆகவே உட்காரத் தோன்றினால் வெட்கப்படாமல் உட்கார்.

இரண்டு காலுறை போட்டுக்கொள். முட்டிக்குத் தைலம் டின்னுக்கு அடியில் இருக்கிறது, முறுக்கில் அந்த வாசம் வந்தால் அது மருந்து முறுக்கு என்று நினைத்துக்கொள். உன்னோடு நடக்கிறவர்களுக்கும் கொடு. நீ எங்கே இருந்தாலும் நல்லபடியாகப் போய் நல்லபடியாக வர, அப்பாவும் அம்மாவும் சித்தியும் நானும் கையுயர்த்தி வாழ்த்துகிறோம், நான் தைப்பூசத்தன்று மட்டும் கையுயர்த்த முடியாது, குடத்தைப் பிடித்திருப்பேன். முக்கியமாக ஒன்று, குளிரில் போன் பேட்டரி சட்டென்று செத்துவிடும் என்கிறான் மத்தியாஸ். போனை ஜாக்கெட் பையில் வைக்காதே, உள்சட்டைக்குள் நெஞ்சோடு ஒட்டி வை. அது மட்டும் அணைந்துபோனால் சித்திரை பிறந்தாலும் நாங்கள் அங்கேயேதான் நின்றுகொண்டிருப்போம்.

இப்படிக்கு,
இந்த நிமிடம்வரை கழுத்து உள்ள உன் சித்தப்பா,
சேது